ஏழு

வெள்ளைச் சீட்டு வார்டுக்கு, இளஞ்சிவப்பு தலைவருக்கு,
பச்சை ஒன்றியத்துக்கு, மஞ்சள் மாவட்டத்துக்கு.
நாலையும் மடித்துப் போட்டுவிட்டு
பள்ளிக்கூடத்து அயினி மரத்தடியில்
மை காயாத விரலைப் படமெடுத்து அனுப்பினேன்.
கருங்கல் பஸ் வளைவு திரும்புமுன்
அறுநூற்றுப் பன்னிரண்டு இதயங்கள்.

லில்லிபுஷ்பத்துக்கு விழுந்தது ஏழு வாக்கு.

குழுவில் யாருக்கும் என் முகம் தெரியாது.
நண்டுவளை என்பது அங்கே என் பெயர்.
தகரக்கூரை துபாயில் கிரேன் ஓட்டுகிறான்,
நோட்டீஸ் அச்சடிக்க இரண்டாயிரம் அனுப்பியவன்.
அரைவெயில் ஈரோட்டில் நூலகர் என்று நினைக்கிறேன்.
ஓட்டு மருந்தா, மயக்கமருந்தா என்று
மூன்று இரவு சண்டை போட்டவர்கள்
நோட்டீஸ் என்றதும் ஒன்றாய்க் குனிந்தோம்.
'உழைக்கும் பெண்கள்' என்பதா, 'உழைக்கும் மகளிர்' என்பதா?
இரவு இரண்டரைக்குப் பெண்கள் வென்றார்கள்.

படித்துப் பார்த்த லில்லிபுஷ்பம்
"கொள்ளாம் மக்கா" என்றாள்.
"நம்ம முடுக்குல லைட்டு எரியாத காரியம் எங்க?"

இருபத்திரண்டு வருடம் முந்திரி ஆலையில் தோடு உடைத்தவள்.
எண்ணெய் தின்ற விரல்களைத் தொட்டுப் பார்த்து
ரேஷன் கடை இயந்திரம் ஆள் இல்லை என்று சொல்லும்.
சாவடி அதிகாரியும்
ஏற்கெனவே கறுத்த விரலில் மையை எங்கே வைப்பதென்று
ஒரு நிமிடம் தேடினார்.
"எங்கயாவது வையும் சாரே,
நான் ரெண்டாமது வரமாட்டேன்."

பதிவானது நானூற்று முப்பத்தொன்று.
ஏணிக்கு இருநூற்றெட்டு. சீப்புக்கு நூற்றெண்பத்தேழு.
எங்கள் பூட்டுச்சாவிக்கு ஏழு.
செல்லாதது இருபத்தொன்பது.
செல்லாததுகூட எங்களை நாலு மடங்கு ஜெயித்தது.

அன்று ராத்திரி ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்து
'அடித்தள மக்களாட்சியில் பங்கேற்பு' என்ற தலைப்புக்குக் கீழே
ஆள் எண்ணத் தொடங்கினேன்.
ஒன்று நான். இரண்டு அவள்.
அவள் கணவர் ராஜையன் நெய்யாற்றின்கரையில் கொத்துவேலை,
நேரத்துக்கு வந்து சேர்ந்தாரா, தெரியாது.
அம்மையிடம் கேட்டேன்.
"எனக்க ஓட்டு எனக்க காரியம்" என்று
மீன்சட்டி கழுவப் போனாள்.
ஆலையில் பதினொரு பேர்
மாதாவின் பேரில் சத்தியம் செய்திருந்தார்கள்.
எப்படிப் போட்டாலும் கணக்கு உதைத்தது.

நாகர்கோவிலில் என் நெறியாளர்
"ஏழு பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது" என்றார்,
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. சரிதான்.
குழுவில் தோல்விக்கான காரணங்கள்
பதினான்கு பத்திகளாக வந்திருந்தன.
ஒன்றில்கூட எங்கள் முடுக்கு இல்லை.
பதில் எழுதினேன். அழித்தேன்.

எட்டாம் நாள், மழை.
குவாரி லாரிகள் உடைத்த ரோட்டில் இறங்கி நடக்கையில்
எரியாத கம்பத்துக்குக் கீழே ஸ்டெல்லாபாய்,
ஏணிக்காரனின் சொந்தக் கொழுந்தி.
குடைக்குள் என்னை இழுத்துக்கொண்டாள்.

"ஒருத்தர்ட்டயும் சொல்லாத பிள்ளே.
பழக்கத்துல கை முதல்ல ஏணிக்குப் போயிட்டு.
குத்தின பெறவுதான் ஓர்மை வந்து.
சாவியில நல்லா அழுத்தி ரெண்டு குத்து குத்தினேன்,
கூடுதலா விழட்டும்னு."

எத்தனை வார்த்தை மாற்றினோம் அந்த நோட்டீசில்!
எப்படிக் குத்துவது என்று ஒரு வரி எழுதவில்லை.

அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.
"அடுத்த வட்டமும் அவ நிப்பாளா?"
நிற்பாள் என்றேன்,
லில்லிபுஷ்பத்தைக் கேட்காமலே.

அவள் வீட்டுக்குப் பன்னிரண்டு கல்படி இறங்க வேண்டும்,
பாசி வழுக்கும்.
ஃபோன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மேலே நின்றேன்.
உள்ளங்கையில் குழு அதிர்ந்துகொண்டே இருந்தது,
யாரோ யாரையோ மறுத்துக்கொண்டிருந்தார்கள்.
கடைசிப் படியில் திரும்பி
போதும் என்று கையசைத்தாள்.

இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.