எடுத்த நடவடிக்கை

புகார்ப் பதிவேட்டில் நாலு கட்டம்.
தேதி. யார். என்ன.
நாலாவதுதான் அகலம்:
எடுத்த நடவடிக்கை.
பெரும்பாலும் அதில் நான் எழுதுவது
'பேசியாச்சு.'

கீழக்கரையில்
மீனுக்கு ஐஸ் விற்கும் கடையின் மாடியில்
ஒற்றை அறை எங்கள் அலுவலகம்.
கீழே கட்டி உடைக்கும் சத்தத்தில்
பாதிப் புகார் காதில் விழுவதில்லை.
"கஞ்சில உப்பே இல்லைங்க."
"எங்க வாப்பாவ நீ வான்னு பேசுறா."
"நல்ல பொண்ணுதான், முகத்துல ஒரு சிரிப்பு கிடையாது."
எல்லாவற்றுக்கும் என்னிடம்
ஒரே 'சரிங்க' இருக்கிறது.
கழுவிக் கழுவி உபயோகிக்கிறேன்.

ஷார்ஜாவிலிருந்து பாதுஷா அழைப்பது
அங்கே சாப்பாட்டு நேரத்தில்.
மென்றுகொண்டே கோபப்படுவார்.
அவர் உம்மா ரஹ்மத் நாச்சியா,
வயது அறுபத்தொன்று,
வலப்பக்கம் அசைவில்லை,
பேச்சில் மிஞ்சியது ஒரு 'ம்'.
சுவரில் கேமரா வைத்திருக்கிறார்.
எட்டு மணிக்கு வரவேண்டியவள்
எட்டு நாற்பதுக்கு வருகிறாளாம்.
விரலெல்லாம் கந்தல் சுற்றியிருக்கிறதாம்.
"அந்தக் கையாலயா எங்க உம்மாவத் தொடுறது?
காசு வாங்குறீங்கள்ல?"

வாங்குகிறோம்.
மாதம் பதினெட்டாயிரம்.
அதில் பூமயிலுக்கு ஒன்பதரை.
இந்தக் கணக்கைப் பற்றி
ஒரு புகாரும் வந்ததில்லை.

வியாழக்கிழமை சொல்லாமல் போனேன்.
வாடைக்காற்று. செருப்புக்குள் மணல்.
பூமயில் கதவைத் திறந்தாள்.
சின்ன ஏர்வாடிக்காரி.
மாதத்தில் பன்னிரண்டு நாள்
விடியுமுன் கடலுக்குள் குனிந்து பாசி எடுப்பவள்.
பாறை கிழிக்காமலிருக்க விரலுக்குத் துணி.
அவிழ் என்றேன்.
ஏழு விரலில் கீறல். இரண்டில் இன்னும் ஈரம்.
பாதுஷா சொன்னது சரிதான்.
இதை எழுதும்போதும் சொல்கிறேன், சரிதான்.
கையுறை கொடுத்தோமே என்றேன்.
"மார்கழில வந்த பெட்டி மேடம்,
பொங்கலுக்கு முந்தியே தீந்துபோச்சு."

பிறகு
"திருப்பிக் காட்டவா?" என்றாள்.
கேமரா பார்க்காத பக்கம் அது.
இடுப்பெலும்பின் மேல்
ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்கு ஒரு புண்.
ஓரம் வெளுத்து, நடுவில் சிவந்து.
ரஹ்மத் நாச்சியா 'ம்' என்றார்.
வலிக்கா, விருந்தாளிக்கா,
தெரியவில்லை.

இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.
சத்தமாகவே கேட்டேன்,
கேமராவிலும் பதியட்டும் என்று.

தலைமாட்டிலிருந்து தினக்குறிப்பு நோட்டை எடுத்தாள்.
நாலாம் தேதி:
'இடுப்பு செவந்துருக்கு. தன்னி பெட் வேனும்.'
பதினொன்று:
'தோல் உரியுது. தன்னி பெட் மருபடி கேட்டேன்.'
எழுத்துப் பிழை மூன்று.
வேறு பிழை இல்லை.
இரண்டின் கீழும்
பச்சை மையில், வலப்பக்கம் சாய்ந்து,
என் கையெழுத்து.

சனிக்கிழமைகளில் நாற்பது நோட்டு வரும்.
கீழே ஐஸ் உடைய உடைய
நான் மேலே போட்டுத் தள்ளுவேன்.

பூமயில் ஒன்றும் சொல்லவில்லை.
துணியை மறுபடி சுற்றவா கூடாதா என்று
கையை நீட்டியபடியே நின்றாள்.

அங்கிருந்தே பாதுஷாவை அழைத்தேன்.
பிந்தி வந்தது பாசியால், என்றேன்,
புண் வந்தது என்னால்.
மெல்லுவது நின்றது.
"உங்க மேனேஜர்ட்ட குடுங்க."
"நான்தாங்க மேனேஜர்."

ராமநாதபுரத்திலிருந்து தண்ணீர் மெத்தை
அன்று சாயங்காலமே வந்தது,
ஷேர் ஆட்டோவில், என் மடியில் சுருண்டு.
கையுறை இரண்டு பெட்டி.
பாசி நாட்களில் ஒன்பது மணி என்று
நேரத்தை மாற்றினேன்.
எட்டிலிருந்து ஒன்பது வரை யார் என்று
பாதுஷா கேட்டிருக்கிறார்.
பதில் யோசிக்கிறேன்.

புகார் எண் இருபத்தேழு.
'யார்' கட்டத்தில் பாதுஷா பெயரை அடிக்கவில்லை.
அதற்கு மேலே, இருந்த இடுக்கில்,
பூமயில் என்று எழுதினேன்.
தேதி நாலு.
யார் மேல் என்று கேட்க
இந்தப் பதிவேட்டில் கட்டமில்லை.

நாலாவது கட்டம் காலியாகக் கிடக்கிறது.
'பேசியாச்சு' என்று எழுதப் போய்
பேனாவை மூடிவிட்டேன்.
புண் இன்னும் ஆறவில்லை.