தொழில்: வீடு

மூன்றாம் பத்தியில் 'தொழில்' என்று இருக்கிறது.
நெரீனா சொன்னாள்: வீடு.
வீடு என்றே எழுதினேன்.
அடுத்த வரி கேட்கிறது,
தூசியோடு பழகிய ஆண்டுகள் எத்தனை?

பழகிய. எவர் அச்சிட்ட படிவமோ,
தூசி ஏதோ எதிர்வீட்டுக்காரர் போல.

பக்கத்து நாற்காலியில் எத்சியோ.
மொன்ஃபல்கோனே கப்பல் தளத்தில் முப்பத்தோரு வருடம்
நீராவிக் குழாய்களுக்கு வெள்ளைப் போர்வை சுற்றியவர்.
எண்பத்து நான்கு வயது.
லிப்டில் அவளும் ஆக்சிஜன் உருளையும் வரட்டுமென்று
நான்கு மாடியும் படியேறி வந்தார்.
மூச்சு வாங்கவில்லை.
அது அவருக்கு வெட்கமாக இருந்தது.

கல்லில் நார் உரிக்க முடியுமா என்பார்கள்.
உரித்தார்கள்.
மூட்டை மூட்டையாக, கப்பல் கப்பலாக.
மதிய இடைவேளையில் அதை உருட்டி
ஒருவர்மேல் ஒருவர் எறிந்து விளையாடினார்கள்.
இருபது வயது, பனி விழாத ஊர்.

"சனிக்கிழமை துவைப்பேன்" என்கிறாள்.
"முதலில் பைகளைத் துழாவுவேன். திருகாணி,
பாதி பிஸ்கட், ஒருமுறை யாரோ ஒருத்தியின் முகவரி."
எத்சியோ கூரையைப் பார்த்தார்.
"தையலுக்குள் சிக்கிய பஞ்சை ஊசியால் எடுப்பேன்.
பிறகு பால்கனியில் உதறல்.
போரா காற்று அடிக்கிற நாளில் அதுவும் வேண்டாம்,
காற்றே உதறிவிடும்.
கீழ்வீட்டு ஒந்தீனா கத்துவாள்,
உன் வீட்டு மாவு என் காபியில் விழுகிறதென்று."

ஒந்தீனாவின் கோப்பு
என் முதுகுக்குப் பின்னால், இரண்டாம் தட்டில்.
நான் சொல்லவில்லை.

"வாசலிலேயே கழற்றிப் போட்டிருக்கலாம்"
என்றார் எத்சியோ. மேசையிடம் சொன்னார்.
"ஜனவரியிலா?" என்று சிரிக்கப்போனவள்
வலது விலாவைப் பிடித்துக்கொண்டாள்.
அங்கிருந்து ஒன்றரை லிட்டர் நீர் எடுத்து
நான்கு நாள்தான் ஆகிறது.
நுரையீரலின் உறையில் மெசோதீலியோமா,
அறுபத்து மூன்றில் விழுந்ததோ எழுபதில் விழுந்ததோ
எந்தச் சட்டையிலிருந்தோ.

கடைசிக் கேள்வி.
தூசி உடலுக்குள் சென்ற விதம்:
சுவாசம், கையாளுதல், வேறு.
வேறு எனில் விவரிக்கவும்.
கோடு இரண்டு அங்குலம்.

"மாலையில் வருவான். முகமெல்லாம்
ரொட்டிக்கடைக்காரன் போல வெள்ளை,
கண் மட்டும் கறுப்பு. அவன் கழுவப் போகுமுன்
நான்தான் முந்திக்கொள்வேன்" என்றாள்.
உதட்டை விரலால் தொட்டாள்.
"அதை எழுதாதே."

எழுதவில்லை.
துணி துவைத்தல் என்று எழுதினேன்.
அதற்கே கோடு சரியாக இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே
ஊரைவிட உயரமான புதுக் கப்பல் ஒன்று,
ஆயிரம் அறைகளுக்கும் விளக்குப் போட்டுப் பார்க்கிறார்கள்.

அவள் லிப்டில் இறங்கினாள்.
படியில் அவர் இறங்கும் ஓசை கேட்டது.
ஒவ்வொரு திருப்பத்திலும்
நின்றார், நின்று நின்று போனார்
நிற்கத் தேவையில்லாத அந்த மனிதர்.