உதிரி

நாலு பை ஓட்டம்.
கீப்பர் வலப்பக்கம் நகர்ந்தான், பந்து இடப்பக்கம் போனது.
கொளுந்து லாரியின் ஸ்டியரிங்கை விட்டு
என் கை இடப்பக்கம் போயிருந்தது,
அவன் நகர்வதற்கு முன்பே.

கட்டபெட்டு ஃபேக்டரி வாசல். எடைக்கு நிற்கிறேன்.
முன்னால் ஏழு லாரி, அப்புறம் பனி.
போன் கண்ணாடியில் ஒரு கீறல்,
சரியாக லாங் ஆனில் விழுகிறது.

யோகசீலன். ஆரஞ்சுச் சட்டை முதுகில் சீலன் மட்டும்.
வர்ணனையாளன் வாயில் அது சீலான் ஆகி
சிலோனுக்குப் பக்கத்தில் போய் நின்றது.
கோத்தகிரியில் அவன் அப்பாவுக்கும் அதுதான் பெயர்.
ராமேஸ்வரத்தில் இறங்கி, லைன் வீடு வாங்கி,
நாற்பது வருஷம் கவாத்து வெட்டியும்
ரேஷன் கடையில்
சிலோன்காரரே, அடுத்தது நீங்க.

ஒரு வருஷம் எங்கள் ஹட்டியில் பந்து போட ஆளில்லை.
ஹட்டிக் கோப்பையில் ஹட்டிப் பையன்தான் ஆடலாம்.
சித்தப்பா மகன் போஜராஜ் பெங்களூரில் இருந்தான்,
அவன் பெயரில் சீலனை இறக்கினோம்.
ஆறு ஓவர். பதினோரு ரன். ஐந்து விக்கெட்.
அரையிறுதியில் எதிரணி கேப்டன் படக பாஷையில் கேட்டான்,
நீ யார் வீட்டுப் பையன்?
சீலனுக்கு எங்கள் பேச்சில் தெரிந்தது
ஓடு, நில்லு, ஒரு கெட்ட வார்த்தை.
பயத்தில் மூன்றையும் சொன்னான்.
கோப்பை போயிற்று.

பிறகு ஊட்டியில் கேட்டரிங், கப்பல்,
ராட்டர்டாமில் ஒரு சமையலறை, மூட்டை மூட்டையாய் வெங்காயம்.
சனிக்கிழமை கிளப் மேட்ச்.
மூன்று வருஷ வாடகை ரசீதைக் காட்டினால்
அந்த ஊர் ஆள் ஆகிவிடலாமாம்.
முதல் மெசேஜ்:
'இங்க எல்லாம் தட்டைடா. சிக்ஸர் அடிச்சா
போய் எடுத்துட்டு வந்துடுறாங்க.'
நமக்குத் தேயிலைக்குள் விழுந்தால் அவுட்.
அடித்தவனே இறங்கித் தேட வேண்டும்.
காட்டெருமை நின்றால் மேட்சே முடிந்தது.

பத்தொன்பது ஆட்டம், இருபத்து மூன்று விக்கெட்.
ஒருமுறை இலங்கையோடு.
அப்பா பிறந்த நாட்டுக்கு எதிராக ஆடுவது எப்படி இருக்கிறது
என்று மைக்கை நீட்டினார்கள்.
குளிருது, என்றான்.
அவன் அப்பா அன்று டாஸ் போட்டதுமே எழுந்து
கவாத்துக் கத்தி தீட்டப் போய்விட்டார்.

நேற்று ராத்திரி எழுதியிருந்தான்,
'ஒப்பந்தம் முடிஞ்சுது. நாளைக்குக் கடைசி.
புதுசா ஒரு பாகிஸ்தான் பையன்.
நல்லாப் போடுறான்.
ரசீதெல்லாம் சரியா இருக்கு.'

கூக்ளி போடுமுன் கட்டைவிரலால் காலரைத் தொடுவான்.
பள்ளிக்கூட மைதானத்தில் முடிவு செய்த அடையாளம்.
எவ்வளவோ பேர் கேட்டும் நான் சொன்னதில்லை.
அந்த ஊர் கீப்பரிடம் அவனும் சொல்லவில்லை போல.
ஆறு வருஷமாக.

பை ஓட்டம் பந்து போட்டவன் கணக்கில் ஏறாது.
அடித்தவன் கணக்கிலும் இல்லை.
உதிரி என்று கீழே தனியாக எழுதுவார்கள்.
கூட்டும்போது மட்டும் சேரும்.

முன்னால் லாரி நகர்ந்துவிட்டது. பின்னால் ஹாரன்.
அவன் திரும்பி நடக்கிறான், நிற்கிறான்,
கட்டைவிரல் காலருக்குப் போகிறது.

கொஞ்சம் இருங்கப்பா, ஒரு பால், என்றேன்.
ஸீட்டிலேயே குனிந்தேன்.