ஒன்பதாம் கேள்வி

தவக்காலத்துக்கென்று கோயிலில் கொடுத்த
மஞ்சள் தாளில் ஒன்பதாம் கேள்வி:
‘நண்பரைத் தேவையில்லாமல் தொட்டேனா?’

எட்டு வரைக்கும் பேனா ஓடியது.
பொய், உண்டு. குடி, உண்டு.
மேஸ்திரியின் டிபன் பாக்ஸில் மண் போட்டது, அதுவும்.
ஒன்பதில் நின்றுபோனது.

தணிகாவின் கை என் தோளில் கிடக்காத
ராத்திரி ஷிஃப்டே இல்லை.
கன்டெய்னர் யார்டு வாசலில் டீக்கு நிற்கையில்
எண்ணூர் ரோட்டுத் தூசியோடு தூசியாக
துண்டு போட்ட மாதிரி கிடக்கும்.
விரல் கோத்துத்தான் தண்டவாளம் தாண்டுவோம்.
அவன் வீட்டில் எல்லோரும் எல்லோர் மேலும் சாய்ந்து
டிவி பார்ப்பார்கள்.
எங்கள் வீட்டில்
பாடுபட்ட சுரூபத்தை முத்தி செய்வதோடு சரி.

தேவை என்றால் எது?
ஸ்டான்லி பிணவறையில் அப்பாவை வாங்கிய அன்று
பின்னாலிருந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டான்.
அது தேவை. எழுதிக்கொள்ளுங்கள்.
அடக்கம் முடிந்த பிறகும் விடாமலிருந்தானே,
அது?
ஒரே ஒரு தடவை, மழைக்கு ஷட்டரடியில் ஒதுங்கியபோது
அவன் கையை எடுக்கப் போனான்;
எடுக்காதே என்று நினைத்தேன்.
அந்த நினைப்புக்குத் தாளில் கட்டமில்லை.

வாலிபர் தியானத்தில் ஒருவர் சொன்னார்:
இருவர் நடுவே ஒரு பைபிள் அகலம் இருக்கட்டும்.
எந்த பைபிள், சட்டைப்பை சைஸா, பீடத்தில் இருப்பதா,
யாரும் கேட்கவில்லை.
கடைசி இராவுணவில் ஒருவன் அவர் மார்பில் சாய்ந்திருந்தான்.
அதே ராத்திரி இன்னொருவன் முத்தமிட்டான்.
எதை அளப்பது?

வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து
வலைக்கு இந்தப் பக்கம் முழங்காலில் இருந்தேன்.
அந்தப் பக்கம் புது ஃபாதர், நாகர்கோவில் பேச்சு,
என்னைவிட இரண்டு வயது சின்னவர்.
எட்டையும் வேகமாகச் சொன்னேன். ஒன்பதை மெதுவாக.

கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும்.
‘பட்டம் வாங்குன அன்னிக்கு
நானூறு பேரு இந்த உள்ளங்கைய முத்தி செஞ்சாவ.
இங்க வந்து ஏழு மாசம்.
முடிவெட்டுறவரு மட்டுந்தான்…’
நிறுத்திக்கொண்டார். செருமினார்.
‘அந்த ஆளு ஒம்மள பயன்படுத்துதாரா? நீரு அவர?’
இல்லை, ஃபாதர்.
‘மறைக்கீரா?’
யாரிடம் மறைக்க, ரோடே பார்க்கிறது.
‘மூணு அருள்நிறைந்த மரியே சொல்லும்.’
எதற்கென்று சொல்லவில்லை.
டிபன் பாக்ஸுக்காகவும் இருக்கலாம்.

மதில் ஓரம் பைக்கில் தணிகா.
‘இன்னாடா சொன்னாரு?’
‘மூணு.’
‘அவ்ளோதானா?’

பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.
மேம்பாலத்தில் டிரெய்லர் ஒன்று உரச வந்தது,
அவன் தோளைப் பிடித்தேன்.
தேவை.
டிரெய்லர் போய்விட்டது.
இரண்டு மரியே சொல்லி முடித்திருந்தேன்.
மூன்றாவதில் அந்த உள்ளங்கை ஞாபகம் வந்து
பாதியில் நின்றது; மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.
கையை இன்னும் எடுக்கவில்லை.