எண் மாற்றுகிறவள்

காலை ஐந்தே முக்காலுக்கு முதலாளி அழைப்பார்.
வணக்கம் கிடையாது.
"நாலு பதினேழு" என்பார்,
போனை வைத்துவிடுவார்.

பதினெட்டடிக் கழி, நுனியில் ரப்பர் உறிஞ்சி.
போர்டுக்கு இரண்டு முகம்:
வடக்கிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று,
தெற்கிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று.
நெப்ராஸ்காவின் காற்றுக்குக் கணக்குத் தெரியாது.
ஏப்ரலில் என் கையிலிருந்து ஒரு மூன்றைப் பிடுங்கி
எதிர் வயலுக்குள் வீசிற்று.
போகட்டும், இனி எதற்கு மூன்று என்று
நான் தேடப் போகவில்லை.

ஒன்பது குறைந்தால் ஆறைத் தலைகீழாக்குவேன்.
நான்கு குறைந்தால் வழியில்லை.
கவிழ்த்தால் அது நாற்காலி ஆகிறது,
யாரும் உட்கார முடியாத நாற்காலி.
விலைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும்
அந்தப் பத்தில் ஒன்பது மட்டும்
திருகாணி போட்டு இறுக்கியது.
இருபத்திரண்டு வருடமாக அதைத் தொட்டதில்லை.

மூன்றைத் தாண்டியபோது ஊர் புலம்பியது.
நான்கைத் தாண்டியதும் புலம்பலை விட்டுவிட்டது.
முன்பெல்லாம் டேங்க் நிறைந்து பம்பு தானே 'டக்' என்று நிற்கும்.
இப்போது கையால் நிறுத்துகிறார்கள்,
பதினைந்து டாலருக்கு, கடைசிச் சொட்டுகளை
கண் மருந்து போல விட்டுவிட்டு.
ஒரு சென்ட் கூடிப்போனால்
யாராவது பார்த்தார்களா என்று நிமிர்கிறார்கள்.

லியோனா வியெத் தானியக் கிடங்கு மேட்டிலிருந்து
நியூட்ரலில் இறங்கி வருகிறாள், பூனைபோல.
நிறுத்தப் பலகையில் நிற்பதில்லை.
உருளுகிற காரை நிறுத்துவது காசை எரிப்பதாம்.
ஷெரிப் பார்க்காததுபோல் இருக்கிறார்.
அவரும் எஞ்சினை அணைத்துவிட்டு
மரநிழலில்தான் குற்றங்களுக்காகக் காத்திருக்கிறார்.

இறைச்சி ஆலைக்கு நாற்பத்தேழு மைல்.
எவெலியோவின் வேனில் ஆறு குவாத்தமாலாக்காரர்கள்,
ஏழாவதாக இப்போது ராய்ஸ்.
அவர்களைப் பற்றி என் கவுண்ட்டரில் காபியோடு
அவன் பேசியதெல்லாம் கேட்டவள் நான்.
பின்சீட்டின் நடுவில், முழங்கால் தாடையில் இடிக்க,
போகிறான், வருகிறான்.
வெள்ளிக்கிழமை சோள இலையில் கட்டிய தமால் ஒன்றை
என் முன்னால் வைத்தான். ஒன்றும் சொல்லவில்லை.
மனம் மாறிவிட்டான் என்று நானும் சொல்லமாட்டேன்.
காலன் நாலு பதினேழு, அவ்வளவுதான்.
தமால் சூடாக இருந்தது.

என் வீட்டுக்காரன் ஹார்லனிடம் சிவப்புப் பிக்கப்,
எட்டு சிலிண்டர்.
கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று ஒட்டி
நெடுஞ்சாலையைப் பார்த்து நிறுத்தினான்.
இங்கே நான் ஏற்றிய எண்ணை
அங்கே அவன் இறக்கிக்கொண்டே வந்தான்.
அவசரத்துக்கு ஒரு சின்ன ஜப்பான் கார் வாங்கினோம்.
தொப்பியைக் கழற்றினால்தான் அவன் அதில் அடங்குவான்.
சாயங்காலம் பிக்கப்பில் ஏறி உட்கார்ந்து,
சாவியைப் பாதி மட்டும் திருகி,
ரேடியோவில் பேஸ்பால் கேட்பான்.
ஒன்பது இன்னிங்ஸ், பூஜ்யம் மைல்.
நானும் சில நாள் பக்கத்தில் ஏறிக்கொள்வேன்.
பழக்க தோஷத்தில் பெல்ட் போட்டுக்கொள்வேன்.

நேற்று கான்சாஸிலிருந்து ஒரு பையன் வந்தான்,
பாதி விலை, ரொக்கம்.
புல்லில் மஞ்சளாக ஒரு நீள்சதுரம் மிச்சம்.

இன்று காலை முதலாளி:
"மூணு தொண்ணூற்றெட்டு."

வடக்கு முகத்துக்கு ஒரு மூன்று இருந்தது.
தெற்கு முகத்துக்குப் பெட்டியைக் கொட்டிப் பார்த்தேன்.
பிறகு ரோட்டைக் கடந்து சோளத்துக்குள் இறங்கினேன்.
ஆகஸ்ட் சோளம் தலைக்கு மேலே,
இலை கழுத்தை அறுக்கிறது.
எங்கேயோ மண்ணில் மூன்று கிடக்கிறது.

பின்னால் டயர்கள் கிறீச்சிட்டன.
ஒன்று, இன்னொன்று, அப்புறம் ஒரு லாரி,
தெற்கிலிருந்து வந்தவர்கள் எல்லோரும்
ஒரே நேரத்தில் பிரேக் போடுகிறார்கள்.
வெறும் தொண்ணூற்றெட்டு சென்ட்
என்கிறது என் போர்டு.

உடனே வெளியே போகவில்லை.
சோளத்துக்கு நடுவில் நின்று
அவர்கள் கதவு திறக்கிற சத்தத்தை,
ஒருவரை ஒருவர் கூப்பிடுகிற குரலை
கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.