இரண்டு இருமல்

எங்கள் லயத்துக் கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் கிடையாது.
ஒரு காலத்தில் இருந்திருக்கலாம்,
நிலையில் ஆணித்துளை இரண்டு இருக்கிறது.
ஆறு காம்பராவுக்கு ஒரு தகரக் கதவு.
போகிறவர் இரண்டு தரம் இருமவேண்டும்.
ஆளிருந்தால் உள்ளேயிருந்து ஓர் இருமல் வரும்.
வராவிட்டால் தள்ளலாம்.
தடிமன் பிடிக்கிற மாதங்களில் கொஞ்சம் குழப்பம்.

தங்கச்சியைப் பார்க்க வத்தளையிலிருந்து வருகிறார்கள் என்று
அம்மா போனில் சொன்னபோது
கொள்ளுப்பிட்டியில், ஒன்பதாம் மாடியில்,
அன்றைய பதினோராவது குளியலறையில்
முட்டிபோட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.
(எங்களுக்கானது நிலத்துக்குக் கீழே, வாகனத் தரிப்பிடத்தின் ஓரத்தில்.)
"வர்றவங்க பாத்ரூம் கேப்பாங்களேடா."
சீதனம் கேட்கமாட்டோம் என்றவர்கள்தான்.
பொகவந்தலாவைக்கு ஐந்து மணித்தியாலம் வேனில் வந்து
இதை யார் கேட்காமலிருக்க முடியும்?

முதல்நாளே வந்துவிட்டேன்.
பிளீச்சிங் பவுடர், பிரஷ்,
ஒரு தாழ்ப்பாள், ஸ்க்ரூ எட்டு.
நிலைப்பலகை ஊறிப் பஞ்சாகியிருந்தது,
ஒரு ஸ்க்ரூவும் பிடிக்கவில்லை.
தாழ்ப்பாளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

தொழில் விடுமா.
டிஷ்யூ ரோல் ஒன்று தொங்கவிட்டு
நுனியை முக்கோணமாய் மடித்தேன்.
ஹோட்டலில் அதற்கு அர்த்தம்
உங்களுக்கு முன் இங்கே யாருமே வந்ததில்லை.
நாங்கள் இருபத்தேழு பேர்.
எட்டிப் பார்த்த செபமாலை
"பூ வைக்கலியா தம்பி" என்றாள்.
மறுநாள் காலைப் பத்திலிருந்து
அந்தப் பக்கம் ஒரு பிள்ளையும் போகாமல்
காவல் நின்றதும் அவள்தான்.
லயமே எங்களுக்காக அடக்கிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா பச்சைப் பட்டில் வந்தார்.
சொந்த ஊர் எது என்றாள் அம்மா.
"கொழும்புதான்" என்றார், சுவர்க் கலண்டரைப் பார்த்து.
இரண்டாவது தேத்தண்ணி முடிந்ததும்
கை கழுவவேண்டும் என்றார்.
எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

குடை பிடித்து முன்னால் நடந்தேன்.
கதவு நெருங்க நெருங்க வாக்கியம் தேடினேன்:
மேடம், தாழ்ப்பாள் இல்லை, நான் இங்கேயே நிற்கிறேன்,
இல்லை, நிற்கவில்லை, அந்தப் பக்கம் திரும்பி

அவர் இருமினார்.
இரண்டு தரம், நடுவில் அளவான இடைவெளி.
ஒரு நொடி காதுகொடுத்தார்.
பிறகு தகரத்தின் கீழ்மூலையைக் கால்விரலால் தூக்கித் தள்ளினார்.

வெளியே வந்தபோது கையில் வெறும் வாளி.
முந்தானையை இடுப்பில் செருகி
பீலிக்கு நேரே போனார். நான் வழி காட்டவில்லை.
நிறைந்த வாளிக்குக் கை நீட்டினேன், தரவில்லை.
உள்ளே கொண்டுபோய் வைத்து
அட்டை ஏறாமல் பால்மா டின்னைக் கவிழ்த்தார்.
"அடுத்த ஆளுக்கு" என்றார்,
என்னிடமா வாளியிடமா தெரியவில்லை.
டிஷ்யூ நுனி மடித்தது மடித்தபடி.

இஸ்தோப்பில் அவர் கணவர் கனகரத்தினம் எழுந்து நின்றார்.
"இருமிட்டுப் போங்க."
"எனக்குத் தடிமன் இல்லையே."
"இருமிட்டுப் போங்க."

அம்மா அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.
எந்தத் தோட்டம் என்று கேட்க
வாயெடுத்ததைப் பார்த்தேன்.
கேட்கவில்லை.
வடைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.
தட்டிலிருந்த பெரிய வடையை அவர் எடுத்துக்கொண்டார்.

வேன் முடக்குத் திரும்புமுன்பே பின்னால் வரிசை கட்டிவிட்டது.
ஒரே நேரத்தில் நாலைந்து இருமல்.
செபமாலையின் பேரன்கள் டிஷ்யூவின் நுனியைப் பிடித்துக்கொண்டு
மலையிறங்கி ஓடினார்கள், தேயிலைக்கு மேலே
வெள்ளையாய் அது நீண்டுகொண்டே போனது.

அவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.
சம்மதமா, இல்லையா, தெரியாது.
தாழ்ப்பாள் என் சட்டைப்பையிலேயே கிடக்கிறது.
ஒன்பதாம் மாடியில் குனியும்போதெல்லாம்
நெஞ்சில் குத்துகிறது.