மார்பளவு உயரத்தில்

நிலத்திலிருந்து ஒன்று தசம் மூன்று மீற்றர்.
அதற்கு மார்பளவு உயரம் என்று பெயர்.
யாருடைய மார்பு என்று புத்தகத்தில் இல்லை.
எனக்கு அது தொண்டைக்குழி,
வாள் பிடிக்கும் சுமணபாலவுக்கு நெஞ்சுக்குழி.
நாடாவைச் சுற்றி, இறுக்கி, வாசிக்கிறேன்.
நூற்றிரண்டு. தொண்ணூற்றேழு. எண்பது.

பன்குளத்துக்கு வடக்கே ஏழாம் பிளாக்.
கம்பனி நட்டதல்ல, குத்தகையோடு வந்தது.
சண்டை நடந்தபோது இந்தத் தேக்குகள் இளசு.
ஓடத் தெரியாதவை.

ஆகவே நாடாவுக்கு முன் டிடெக்டர்.
ஆறு வருடம் அதை நிலத்துக்குப் பிடித்தவள் நான்,
முகமறைப்பும் நீலக் கவசமும் போட்டு,
ஒரு நாளைக்குப் பத்துச் சதுர மீற்றர்.
இப்போது நிமிர்த்திப் பிடிக்கிறேன்.
அவ்வளவுதான் வித்தியாசம்,
சம்பளத்தில் மூவாயிரம் குறைவு.

கீச்சென்றால் மரத்துக்கு வெள்ளை வளையம்.
மில்லுக்காரன் தொடமாட்டான்.
ஒரு சன்னம் போதும், வாள்பட்டி அறுந்து
ஆளின் முகத்துக்கு வரும்.
கணக்கில் அதன் பெறுமதி பூச்சியம்,
அதனால் வெட்டுப் பட்டியலிலும் அது இல்லை.
அந்த மரத்தில்தான் இருவாய்ச்சி
பொந்தடைத்துக் குஞ்சு பொரிக்கிறது.
ஆண்டறிக்கையில் அதற்கு
'உயிர்ப்பல்வகைமை ஒதுக்கம், நான்கு வீதம்' என்று பெயர்.
நிஸ்தார் சேர் அதை வாசித்துவிட்டுச் சிரிக்கவில்லை.

தயாபரன் வந்தது ஆடியில், கச்சான் அடிக்கையில்.
டொரன்டோ. நூற்றிருபது பங்கு.
புதுச் சப்பாத்து, மூன்று தண்ணீர்ப் போத்தல்.
"இதில என்ர மரம் எது?"
பங்கு என்பது ஒரு மரமல்ல,
எல்லா மரத்திலும் ஒரு நார் என்று
நிஸ்தார் சேர் விளங்கப்படுத்தினார்.
முழுவதும் கேட்டுவிட்டு
அவர் திரும்பவும் அதையே கேட்டார்.
கைக்கெட்டிய ஒன்றைக் காட்டினேன்.
முந்நூற்றுப் பதினேழு.

தடவினார். படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார்.
பிறகுதான் மறுபக்கம் போனார்:
சிவப்புப் பெயின்ற், என் கையால் போட்ட பெருக்கல் குறி.

ஐதாக்கல், என்றேன்.
இரண்டு மரம் ஒரே வெயிலுக்கு அடிபட்டால்
இரண்டும் கம்பாகவே நிற்கும்.
"அப்ப என்ர காசு?"
மரத்தில இல்லை ஐயா,
மரத்துக்கும் மரத்துக்கும் நடுவில.

அவர் அந்த நடுவைப் பார்த்தார்.
சருகு, காய்ந்த யானை லத்தி, ஒரு எறும்புச் சாரை.
கிட்டத்தட்ட அதே அகலத்தில்தான்
முன்பு நாங்கள் நூல் கட்டிப் பாதை பிரிப்போம்,
ஆளுக்கொரு பாதை, நடுவில் யாரும் கால் வைப்பதில்லை.
அதைச் சொல்லவில்லை.

"இதை விட்டால் என்ன?"
விடலாம். முந்நூற்றுப் பதினெட்டை எடுக்கவேணும்.
அதையும் யாராவது கேட்டு வருவினம்,
ஒஸ்லோவில இருந்தோ, உப்புவெளியில இருந்தோ.
பதில் இல்லை.
போத்தலில் மிச்சமிருந்த தண்ணீரை
பதினேழின் வேரில் ஊற்றினார்.
இலை உதிர்த்துத் தூங்கும் மரத்துக்கு
ஆடியில் தண்ணீர் வேண்டாம்.
அதையும் சொல்லவில்லை.

சனிக்கிழமை சுமணபால வாளை இழுத்தான்.
குறித்த இடைவெளிக்குள் சரிந்தது,
பக்கத்து மரத்தில் ஒரு கிளையும் முறியாமல்.
அடிக்குற்றியில் வளையங்கள்.
நடுவே ஒன்று நூல்போல மெல்லிசு:
மழை பொய்த்த வருடமோ, வேறெதுவோ.
எண்ணிப் பார்த்தால் தெரியும். எண்ணவில்லை.
வட்டமாய் ஒரு துண்டு அறுப்பித்து
டொரன்டோவுக்கு அனுப்பலாமா என்றேன்.
தபால் செலவு யார் கணக்கு என்றார் நிஸ்தார் சேர்.
துண்டு இன்னும் கந்தோரில்,
தேநீர்க் கேத்தலுக்குக் கீழே.

மார்கழி மழை விட்ட அன்று திரும்பப் போனேன்.
வெட்டிய இடத்தில் ஒரு முதிரைக் கன்று,
யாரும் நடாதது, பட்டியலில் இல்லாதது.
அதை மிதிக்காமல் காலை அகட்டி நின்று
பதினெட்டைச் சுற்றி நாடாவை இறுக்கினேன்.
தொண்ணூற்றாறு தசம் ஐந்து.
போனமுறை தொண்ணூற்றைந்து.
நாடா வழுக்கியதோ என்று அவிழ்த்து
இன்னொருமுறை பிடித்தேன்,
தொண்டைக்குழி உயரத்தில்.
ஒன்றரை.